வீட்டுத் தோட்டத்தில் ரயில் ஓட்டிய வால்ட் டிஸ்னி



மிக்கி மவுஸ் பார்க்காம வளர்ந்தவங்க நம்ம கல்லூரியில யாராவது இருக்கீங்களா? ஆனா அந்த மிக்கி மவுஸை உலகத்துக்குக் கொடுத்த வால்ட் டிஸ்னி, 47 வயசுல லேத் முன்னாடி நின்னு வேலை கத்துக்கிட்டார்னு சொன்னா நம்புவீங்களா? எல்லாம் சொந்த வீட்டுத் தோட்டத்துல நிலக்கரி போட்டு ஓட்டுற ஒரு குட்டி நீராவி எஞ்சினுக்காக! இது மெக்கானிக்கல் பசங்களுக்கான கட்டுரைன்னு நினைச்சு மத்தவங்க ஓடிடாதீங்க. எல்லாருக்கும் இதுல விஷயம் இருக்கு.

ரயில் ஆசை

டிஸ்னி 1901 டிசம்பர் 5-ல் சிகாகோவில் பிறந்தார். சிறுவயதில் சில வருடங்கள் மிசௌரி மாநிலத்தில் மார்சலின் என்ற சின்ன ஊரில் வளர்ந்தார். சாண்டா ஃபே ரயில் பாதை அந்த ஊர் வழியாகப் போகும். உறவினர் மைக் மார்ட்டின் அந்தப் பாதையில் எஞ்சின் டிரைவர். அப்புறம் ரயில் ஆசை வராம இருக்குமா? 15 வயதில் விடுமுறைக்கு ரயிலில் செய்தித்தாளும் மிட்டாயும் விற்கும் வேலைக்குச் சேர்ந்தார். டிரைவர்களுக்குச் சுருட்டு, புகையிலை கொடுத்து எஞ்சினுக்குள் ஏறி நிற்பதுதான் அவருடைய பெரிய சந்தோஷம்.

அதுக்கப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். 1928-ல் மிக்கி, 1937-ல் ஸ்நோ ஒயிட். ஆனால் 1941-ல் அவருடைய ஸ்டூடியோ ஓவியர்களே வேலைநிறுத்தம் செய்தார்கள். தொடர்ந்து போர், கடன். மனிதர் ரொம்பவே களைத்துப் போனார். 1948-ல் தன்னிடம் வேலை செய்த ஓவியர் வார்ட் கிம்பாலை அழைத்துக்கொண்டு சிகாகோ ரயில் கண்காட்சிக்குப் போனார். கிம்பாலின் வீட்டு வளாகத்திலேயே நிஜ அளவு ரயில் ஓடியது! இன்னொரு ஓவியர் ஆலி ஜான்ஸ்டன் 12-ல் 1 பங்கு அளவில் ஒரு எஞ்சின் செய்துகொண்டிருந்தார். இதையெல்லாம் பார்த்த பிறகு டிஸ்னியால் சும்மா இருக்க முடியவில்லை.

முதலாளி அப்ரண்டிஸ் ஆனார்

ஸ்டூடியோவின் மெஷின் ஷாப் தலைவர் ரோஜர் ப்ராகி. சம்பளம் கொடுக்கும் முதலாளி அவரிடமே போய் வேலை கற்றுக்கொள்ள ஆரம்பித்தார். மாடலாக எடுத்துக்கொண்டது சென்ட்ரல் பசிபிக் ரயில்வேயின் பழைய 173-ம் எண் எஞ்சின். அதை 8-ல் 1 பங்காகச் சுருக்கினார்கள். தண்டவாள இடைவெளி 7¼ அங்குலம், அதாவது 18 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல்.

பெரிய பாகங்களை ப்ராகியின் ஆட்கள் செய்தார்கள். முன்விளக்கு மாதிரியான தகடு வேலைகளில் டிஸ்னி தானே இறங்கினார். கடைசியில் வரும் கார்டு பெட்டி முழுக்க அவர் கைவேலை. உள்ளே கணப்பு அடுப்புகூட குட்டியாக இருக்கும்! 1949 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஸ்டூடியோவுக்குள்ளேயே எஞ்சினை ஓட்டிப் பார்த்தார்கள். மனைவி லில்லியன் பெயரால் அதற்கு 'லில்லி பெல்' என்று பெயர்.

லாஸ் ஏஞ்சல்ஸில் கேரல்வுட் டிரைவ் வீட்டில் 2,615 அடி நீளத்துக்குத் தண்டவாளம் போட்டார். கிட்டத்தட்ட 800 மீட்டர்! தோட்டத்தில் ரயில் போக அனுமதி கேட்டு மனைவி, இரண்டு மகள்களோடு விளையாட்டாக ஒரு ஒப்பந்தமே எழுதிக்கொண்டார். லில்லியனின் பூச்செடிகளுக்குத் தொந்தரவு வரக்கூடாது என்று பாதையை மண்ணுக்கு அடியில் 90 அடி சுரங்கமாகக் கொண்டுபோனார். 1950 மே மாதம் ரயில் ஓட ஆரம்பித்தது. விருந்தினர்கள் பெட்டிகள் மேல் உட்கார்ந்து வருவார்கள்.

குட்டிதான், ஆனா பொம்மை இல்ல

இங்க கொஞ்சம் கணக்கு போடுவோம். நீளத்தை 8-ல் 1 ஆக்கினால் எடை 8-ல் 1 ஆகாது. 8 × 8 × 8, அதாவது 512-ல் 1 பங்கு ஆகும். ஆனால் மேல உட்கார்ந்திருக்கிற ஆள் சுருங்க மாட்டார்! 18 செ.மீ. பாதை மேல முழு அளவு மனிதர்கள். எடை மையம் எங்க இருக்கும்னு நீங்களே யோசிங்க. வளைவில் வேகமாகப் போனால் கவிழ்ந்துவிடும்.

நீராவியும் சுருங்காது. 7 பார் அழுத்தத்தில் நீராவி ஏறக்குறைய 170 டிகிரி செல்சியஸ் இருக்கும். பாய்லர் பெரிதோ சிறிதோ, சூடு அதே சூடுதான்.

அதனால இந்த மாதிரி எஞ்சின் வைத்திருப்பவர்கள் ஓட்டுகிற நேரத்தைவிடப் பராமரிக்கிற நேரம் அதிகம். நெருப்பு மூட்டுவதற்கு முன் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டம் பார்க்கணும். தண்ணீர் குறைந்தால் ஃபயர்பாக்ஸின் மேல்தகடு காய்ந்து பாய்லரே வீணாகும். அதனால் தண்ணீர் ஏற்ற இரண்டு வழிகளாவது வேண்டும். ஒன்று மக்கர் பண்ணினால் இன்னொன்று கைகொடுக்கும். சேஃப்டி வால்வு சரியான அழுத்தத்தில் திறக்கிறதா என்று பார்க்கணும். தேய்கிற இடத்துக்கெல்லாம் எண்ணெய் விடணும். ஓட்டி முடித்ததும் சாம்பலை அள்ளி, குழாய்களில் படிந்த கரியை பிரஷ் விட்டு எடுக்கணும். உப்புத் தண்ணீர் ஊற்றினால் பாய்லருக்குள் உப்பு படியும். நம்ம வீட்டு வாட்டர் ஹீட்டர்ல படியுமே, அதேதான்! அதை அவ்வப்போது வெளியேற்றணும். ஓடும் அழுத்தத்தைவிட அதிக அழுத்தத்தில் குளிர்ந்த தண்ணீரை ஏற்றி, கசிவு இருக்கான்னு சோதிக்கிறதும் உண்டு. தண்ணீர் ஏன் தெரியுமா? பாய்லர் விட்டுக்கொடுத்தாலும் தண்ணீர் நீராவி மாதிரி விரிந்து வெடிக்காது.

அந்த ஒரு நாள்

1953-ன் தொடக்கம். விருந்தினர் ஒருவர் ஓட்டிக்கொண்டிருந்தார். வளைவில் வேகம் அதிகமானது. எஞ்சின் தடம் புரண்டு பக்கவாட்டில் சாய்ந்தது. விசில் உடைந்து, அந்த இடத்திலிருந்து நீராவி பீய்ச்சியடித்தது. என்னவென்று புரியாமல் ஓடிய 5 வயதுச் சிறுமிக்குக் காலில் சூடு பட்டது. நல்லவேளையாகப் பெரிய காயம் இல்லை.

எஞ்சினைச் சரி செய்துவிடலாம். விசில் ஒன்று புதிதாகச் செய்ய அந்த மெஷின் ஷாப்புக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் டிஸ்னி தோட்டத்து ரயிலை அதோடு நிறுத்திவிட்டார். மூன்று வருஷம் ஆசை ஆசையாக ஓட்டியது. ஓட்டத் தெரியாதவர் கையிலும் போகக்கூடிய எஞ்சின், எப்போதும் குழந்தைகள் சுற்றி நிற்கிற தோட்டம். அந்த நிலைமையை எந்த ஸ்பேனராலும் சரி செய்ய முடியாதே!

ஆனால் வரைபடங்கள் வீண் போகவில்லை. லில்லி பெல் வரைபடத்தை ஏறக்குறைய 5 மடங்கு பெரிதாக்கி, 3 அடி பாதையில் ஓடும் முழு எஞ்சினாக ப்ராகியின் குழு உருவாக்கியது. 1955 ஜூலை 17-ல் டிஸ்னிலாண்ட் திறந்தபோது அங்கே 1-ம் எண் எஞ்சினாக ஓடியது அதுதான். இந்த முறை எஞ்சினை இயக்க, பராமரிக்க என்று தனி ஆட்கள் இருந்தார்கள்.

டிஸ்னி 1966 டிசம்பர் 15-ல் மறைந்தார். லில்லி பெல் இன்று சான் பிரான்சிஸ்கோவில் அவர் பெயரால் இருக்கும் குடும்ப அருங்காட்சியகத்தில் நிற்கிறது. தோட்டத்தில் அவருடைய பட்டறையாக இருந்த மரக் கொட்டகை இப்போது லாஸ் ஏஞ்சல்ஸ் கிரிஃபித் பார்க்கில், குட்டி நீராவி ரயில் ஓட்டுகிறவர்களின் இடத்திலேயே இருக்கிறது.

நண்பர்களே, நாளைக்கு நாமளும் ஏதோ ஒண்ணை டிசைன் பண்ணுவோம். அது ஓடினதும் கைதட்டல் வரும், அது நல்லாத்தான் இருக்கும். அதோட, நம்ம இல்லாத நேரத்துல அதை யார் ஓட்டுவாங்க, பக்கத்துல யார் நிப்பாங்கன்னும் ஒரு நிமிஷம் யோசிங்க. அடுத்த முறை வொர்க்‌ஷாப் லேப்ல ஷூ போடச் சொன்னா முகம் சுளிக்காம போட்டுக்கோங்க!