கோட்டு அணிந்த நாதசுரச் சக்கரவர்த்தி
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

தஞ்சைத் தரணி ஈன்றெடுத்த இசைச் செல்வர்கள் பலர். அவர்களுள் தோடி இராகம் என்றதுமே நினைவுக்கு வருகின்ற ஒரு பெயர் உண்டென்றால், அது திருவாவடுதுறை டி.என். இராஜரத்தினம் பிள்ளை அவர்களின் பெயர்தான். அவருடைய இசையைப் பற்றி எழுத அறிஞர்கள் இருக்கிறார்கள். நான் எழுத எடுத்துக்கொண்டது அவருடைய உடையைப் பற்றி. இது என்ன பொருள் என்று நண்பர்கள் சிலர் நகைக்கக்கூடும். சற்றுப் பொறுத்துப் படித்துப் பார்க்க வேண்டுகிறேன்.

1898ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 27ஆம் நாள் குப்புசாமிப் பிள்ளைக்கும் கோவிந்தம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் பாலசுப்பிரமணியம். இளமையிலேயே தந்தையை இழந்த பிள்ளையைத் தாய்மாமன் திருமருகல் நடேச பிள்ளை எடுத்து வளர்த்தார். ஆதீனத்து நாதசுர வித்துவான் அவர். பெயருக்கு முன்னே நிற்கும் 'என்' என்ற எழுத்து அந்த மாமனுடையதே. முதலில் கற்றது வாய்ப்பாட்டு. திருக்கோடிகாவல் கிருஷ்ணய்யரிடமும் பாடம். நாதசுரத்தை அம்மாசத்திரம் கண்ணுசாமிப் பிள்ளையிடம் கற்றார். பாட்டு வழியாகக் குழலுக்கு வந்தவர் என்பதால்தான் பிற்காலத்தில் அவருடைய வாசிப்பு, ஒருவர் வாய்விட்டுப் பாடுவது போலவே ஒலித்தது என்கிறார்கள்.

இனி உடைக்கு வருவோம். அந்தக் காலத்து நாதசுரக்காரர் எப்படி இருப்பார்? தலையில் குடுமி, காதில் கடுக்கன், இடையில் வேட்டி, மேலே திறந்த மார்பு. தோளில் ஒரு துண்டு இருந்தாலும் பெரிய மனிதர் எதிரே வந்துவிட்டால் அதை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். சுவாமி புறப்பாட்டில் மணிக்கணக்காக நடந்துகொண்டே வாசிக்க வேண்டும். கலியாண வீட்டில் ஊர்வலம் முடிந்து, பந்தி முடிந்து, கடைசியில் சாப்பிட வேண்டும். பாட்டுக் கச்சேரி செய்பவர் மேடையில் சமுக்காளத்தில் அமர்வார். மங்கல இசை தருபவர் வாசலில் நிற்பார். மங்கலம் வேண்டும், அதைத் தருபவன் எதிரில் உட்காரக்கூடாது! இந்த விந்தையை என்னவென்று சொல்வது?

சட்டை என்பது இந்த நாட்டில் வெறும் துணியாக இருந்ததே இல்லை. திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல்லாண்டுகள் போராடி, 1859ஆம் ஆண்டில்தான் அரசாணை பெற்றார்கள். 1927இல் மகாத் நகரில் டாக்டர் அம்பேத்கர் ஒடுக்கப்பட்ட பெண்களிடம் பேசியபோது, தாழ்த்தப்பட்டோர் என்று அடையாளம் காட்டுகிற உடையையும் நகையையும் விட்டுவிடுமாறு கேட்டுக்கொண்டார். அவரே வாழ்நாள் முழுதும் நேர்த்தியான கோட்டும் கழுத்துப் பட்டியுமாகத்தான் காட்சியளித்தார். ஆப்பிரிக்காவில் காங்கோ என்ற பெயருடைய இரு நாடுகளின் பிராசவில், கின்ஷாசா நகரங்களிலே 'சாப்பர்' என்று அழைக்கப்படும் மனிதர்கள் உண்டு. ஏழைக் குடியிருப்பின் புழுதித் தெருவிலே பளபளக்கும் வண்ணக் கோட்டும் மெருகேற்றிய காலணியுமாக நடப்பார்கள். ஆண்டவனும் ஆண்டவர்களும் கொடுக்காத மதிப்பைத் தையற்காரரிடம் வாங்கிக்கொண்டவர்கள் என்று அவர்களைச் சொல்லலாம்.

நம் இராஜரத்தினம் பிள்ளை என்ன செய்தார்? குடுமியை எடுத்துக் கிராப்பு வைத்தார். பட்டுச் சட்டை போட்டார். கழுத்துவரை பொத்தான் இட்ட நீண்ட கோட்டும் ஷெர்வாணியும் அணிந்தார். காதில் வைரக் கடுக்கன், விரல்களில் மோதிரம், காலில் பூட்சு. அந்தக் கோலத்தில் மேடை ஏறி அமர்ந்து, பாட்டுக்காரருக்கு என்ன உண்டோ அதுவெல்லாம் தமக்கும் வேண்டும் என்றார். ஒத்துக் குழலுக்குப் பதிலாகத் தம்புராவைச் சுருதிக்கு வைத்துக்கொண்டார். படங்களில் பார்த்தால் அவர் ஒல்லியான மனிதர் அல்லர். அகன்ற முகம், பருத்த தோள், நிறைந்த உடம்பு. அதை ஒடுக்கிக்கொண்டு உட்காரும் பழக்கம் அவரிடம் இல்லை. கோட்டு அந்த உடம்பை மறைக்கவில்லை, எடுத்துக்காட்டியது.

இங்கே நான் ஒன்று சொல்ல வேண்டும். எனக்கும் உடம்பு பெரியது. கல்லூரியில் சேர்ந்த புதிதில் ஒரு துணிக்கடைக்குப் போனேன். மாம்பழ மஞ்சளில் ஒரு சட்டையைக் காட்டிக் கேட்டேன். இந்த உடம்புக்குக் கறுப்பு, கருநீலம் தவிர வேறு எடுக்கக்கூடாது என்று கடைப்பையன் பத்துப் பேர் கேட்கச் சொன்னான். அளவும் இல்லை என்றான். பெருத்தவன் கண்ணுக்குப் படாமல் இருக்க வேண்டும் என்பதும் ஒருவகையில் துண்டை இடுப்பில் கட்டு என்பது போலத்தான். நான் துணி எடுத்து எங்கள் ஊர்த் தையற்காரரிடம் கொடுத்துத் தைத்துக்கொண்டேன். அந்த மஞ்சள் சட்டையை இயற்பியல் துறை நண்பர்கள் அறிவார்கள்.

பிள்ளையவர்கள் மீது எனக்குள்ள பற்றுக்கு வேறொரு காரணமும் உண்டு. எங்கள் தாத்தா அமிர்திக்குச் சுற்றுப்பட்ட மலையடிவார ஊர்களில் நாதசுரம் வாசித்தவர். துண்டை இடுப்பில் கட்டியே வாசித்தார் என்று ஆயா சொல்லும். அப்பா குழலைத் தொடவில்லை. ஆம்பூர்ப் பக்கம் தோல் வேலைக்குப் போய்விட்டார். எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிப் படி ஏறியவன் நான். தாத்தாவின் குழல் இன்னும் பரண்மேல் இருக்கிறது. சீவாளி மட்டும் இல்லை.

ஷெர்வாணி நம் பகுதிக்குப் புதிதல்ல. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இசுலாமியப் பெருமக்கள் வீட்டுத் திருமணங்களில் மாப்பிள்ளை அதை அணிந்துதான் வருவார். அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த உடையின் கம்பீரம் தெரியும். அதைப் போட்டுக்கொண்டு நாதசுரம் வாசிப்பது என்ன பாடு என்பதுதான் தெரியாது. நாதசுரத்துக்கு மூச்சு அடிவயிற்றிலிருந்து வரவேண்டும். தஞ்சாவூர்க் கோடையில், கழுத்தை இறுக்கிய கோட்டுக்குள் இருந்துகொண்டு, தோடியை மட்டுமே மணிக்கணக்கில் விரித்து வாசிப்பதென்றால்! சுகத்துக்காக அணிந்த உடை அல்ல அது. சுகம் வேண்டுமானால் திறந்த மார்பே போதுமே.

குழலையும் அவர் விடவில்லை. முன்பு வழக்கில் இருந்தது திமிரி நாதசுரம். (ஆற்காட்டுக்கு அருகிலுள்ள நம் திமிரிக்கும் இதற்கும் தொடர்பு தேட வேண்டாம்.) அது குட்டையான குழல், உச்சமான சுருதி. திறந்த வெளியில் நெடுந்தூரம் கேட்க வேண்டும் என்பதற்காக அமைந்தது. மேடையில் அமர்ந்து நிதானமாக இராகம் விரிப்பவருக்கு அது ஒத்துவரவில்லை. குழலின் நீளம் கூடினால் அதிர்வெண் குறையும் என்பது நம் ஆய்வுக்கூடத்தில் காற்றுத் தம்பம் வைத்துச் செய்து பார்க்கிற பாடம். கும்பகோணத்துக்கு அருகிலுள்ள நரசிங்கம்பேட்டையில் ரங்கநாதன் ஆசாரி, பிள்ளையவர்களின் தேவையறிந்து, ஆச்சா மரத்தில் நீண்ட பாரி நாதசுரத்தைச் செம்மைப்படுத்திக் கொடுத்தார். சுத்த மத்திமம் சரியாக விழ வேண்டும் என்பது அவர்கள் இருவரும் தலையை உடைத்துக்கொண்ட சிக்கல். வாசலில் நின்றவன் உள்ளே வந்து அமர்ந்தபோது குழலும் நீண்டது, ஒலியும் கனத்தது. அந்த நரசிங்கம்பேட்டை நாதசுரத்துக்கு 2022ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது.

நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் தவில் அவரோடு சேர்ந்தால் விடிய விடியக் கூட்டம் கலையாது என்பார்கள். தவிலின் இரு முகமும் தோல்தானே! நம் வட்டாரத்துத் தொழிலைக் கேவலமாகப் பேசுகிற சிலர், அந்தத் தோல் முழங்கித்தான் தங்கள் வீட்டில் தாலி ஏறியது என்பதை மறந்துவிடுகிறார்கள். அது கிடக்கட்டும்.

1940ஆம் ஆண்டில் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர் இயக்கிய 'கவி காளமேகம்' படத்தில் காளமேகப் புலவராகவே நடித்தார். இசைத்தட்டுகள் அவருடைய தோடியை ஊர் ஊராகக் கொண்டுபோயின. கடல் கடந்து இலங்கையிலும் அவருக்கு ரசிகர்கள் திரண்டார்கள். 1947 ஆகஸ்டு 14ஆம் நாள், நாடு விடுதலை பெறுகிற அந்த இரவுக்கு முன்பாக, திருவாவடுதுறை ஆதீனத்தார் செங்கோலுடன் டில்லிக்குச் சென்றார்கள் அல்லவா? அந்தக் குழுவோடு போய்த் தலைநகரில் முழங்கியது இவருடைய நாதசுரமே.

குறையே இல்லாதவர் என்று சொன்னால் அது வரலாறாகாது. குடிப்பழக்கம் இருந்தது. சொன்ன நேரத்துக்கு வராமல் கச்சேரி வைத்தவர்களைத் தவிக்கவிட்ட நாட்கள் உண்டு. கோபம் மூக்கு நுனியில். வந்த பணத்தைத் தண்ணீராகச் செலவழித்தார். அவருடைய உடையையும் மோதிரத்தையும் வெறும் படாடோபம் என்று இகழ்ந்தவர்கள் அன்றும் இருந்தார்கள். ஒருவேளை அதில் படாடோபமும் கலந்திருக்கலாம். ஆனால் ஜமீன்தார் வைரம் அணிந்தால் அந்தஸ்து, மேளக்காரர் அணிந்தால் படாடோபம் என்கிற கணக்கு எனக்கு விளங்கவில்லை. கணக்கு எனக்குத் துணைப்பாடம்தான், இருந்தாலும்.

1956 டிசம்பர் 12ஆம் நாள் மறைந்தார். வயது 58. அவரிடம் பயின்ற காருகுறிச்சி அருணாசலம் அந்தப் பாணியைத் தென்பாண்டி நாட்டுக்குக் கொண்டு சென்று புகழ் சேர்த்தார். அவரும் 1964இல் மறைந்தது இசையுலகின் தீப்பேறு.

அமிர்தியில் இப்போது கலியாணத்துக்கு வாசிக்க வருகிற குழுவினர் ஒரே நிறத்தில் பட்டு ஜிப்பா அணிந்து வருகிறார்கள். மேடைக்குப் பக்கத்தில் அவர்களுக்கென்று தனி இடமும் போட்டிருக்கிறார்கள். சாப்பாட்டு நேரத்தில் அவர்கள் எந்தப் பந்தியில் உட்காருகிறார்கள் என்று நான் கவனிப்பதுண்டு. சில வீடுகளில் முதல் பந்தியிலேயே இலை விழுகிறது. சில வீடுகளில் இன்னும் கடைசிப் பந்திதான்.