பொகவந்தலாவையில் அடக்கமான புகைப்படக் கலைஞர்

பொகவந்தலாவையில் தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே இருக்கும் சென் மேரிஸ் தேவாலயத்தின் மயானத்தில் ஜூலியா மார்கிரட் கமறன் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். உலகப் புகைப்பட வரலாற்றை எழுதும் எவரும் அவரைத் தவிர்க்க முடியாது. மலையகத்திலோ அவரது பெயரை அறிந்தவர்கள் குறைவு.

1815இல் கல்கத்தாவில் பிறந்தவர் ஜூலியா. 1838இல் தன்னைவிட 20 வயது மூத்த சார்ள்ஸ் ஹே கமறனை மணந்தார். பாடசாலை வரலாற்றுப் புத்தகத்தில் நாம் படித்த கோல்புறூக் - கமறன் ஆணைக்குழுவின் கமறன் இவர்தான். இராஜகாரிய முறையை ஒழித்ததும், 1833இல் முழுத் தீவையும் ஒரே நிர்வாகத்தின் கீழ் கொண்டுவந்ததும் அந்த ஆணைக்குழுவின் பரிந்துரைகளே. இலங்கையில் கோப்பித் தோட்டங்களையும் அவர் வாங்கினார். பின்னர் இங்கிலாந்தில் குடியேறிய தம்பதியினர் தமது வீட்டுக்கு திம்புள்ளத் தோட்டத்தின் பெயரையே வைத்தார்கள்.

1863 டிசம்பரில் ஜூலியாவுக்கு 48 வயது. கணவர் தோட்டங்களைப் பார்க்க இலங்கைக்கு வந்திருந்த நேரம். தாயின் தனிமையைப் போக்க மகளும் மருமகனும் ஒரு கமராவைப் பரிசளித்தார்கள். அது மரப்பெட்டிக் கமரா. கண்ணாடித் தகட்டில் இரசாயனம் பூசி, ஈரம் காயுமுன் படம் பிடித்து, உடனேயே கழுவியாக வேண்டும். ஸ்டூடியோ கட்டவில்லை. கோழிக்கூட்டைத் துப்புரவாக்கிப் படப்பிடிப்பு அறையாக்கினார். நிலக்கரி வைக்கும் அறை இருட்டறையானது.

அந்த லென்ஸால் தகடு முழுவதையும் கூர்மையாகப் பதிய முடியவில்லை. முகத்தின் ஒரு பகுதி தெளிவாக விழ, மற்றவை மங்கின. ஜூலியா அதைக் குறையாக எண்ணவில்லை. ஆளுக்கு மிக நெருங்கிச் சென்று, ஒரு பக்கத்திலிருந்து வரும் வெளிச்சத்தில் முகத்தை மட்டும் எடுத்தார். பின்னர் பெரிய கமரா வாங்கியபோதும் அந்த மென்மையை விடவில்லை. அன்றைய புகைப்படச் சங்கத்தினர் படங்களைக் குறை கூறினார்கள். ஆனால் 1865இலேயே லண்டன் அருங்காட்சியகம் அவற்றை விலைக்கு வாங்கியது. டார்வின், கவிஞர் டெனிசன், வானியலாளர் ஹேர்ஷல் ஆகியோர் அவர்முன் அமர்ந்தார்கள். வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியரும் அமர்ந்தார்.

கலை பெயரைத் தந்தது, காசைத் தரவில்லை. 1869இல் கோப்பி இலைத்துரு நோய் இலங்கையில் பரவத் தொடங்கியது. தோட்ட வருமானத்தை நம்பியிருந்த குடும்பத்துக்கு நெருக்கடி கூடியது. 1875இல் தம்பதியினர் இங்கிலாந்தை விட்டு, பிள்ளைகள் இருந்த இலங்கைக்கே வந்துவிட்டார்கள். இங்கு இரசாயனங்களும் தகடு கழுவச் சுத்தமான தண்ணீரும் கிடைப்பது சிரமமாக இருந்தது. இலங்கையில் அவர் எடுத்தவற்றில் இன்று எஞ்சியிருப்பவை 30க்கும் குறைவு. 1879 ஜனவரி 26ஆம் திகதி டிக்கோயாப் பகுதியின் கிளன்கேர்ன் தோட்டத்தில் காலமானார். அடுத்த ஆண்டு கணவரும் மறைந்தார்.

எஞ்சிய அந்தப் படங்களைப் பார்க்கும்போது மனதை உறுத்துவது ஒன்று உண்டு. இங்கிலாந்துப் பணிப்பெண்ணின் பெயரை உலகம் அறியும். இங்கே எடுத்த ஒரு படத்தின் தலைப்போ களுத்துறை விவசாயிகள் குழு என்பதுதான். அதில் நிற்பவர்கள் யாருடைய பிள்ளைகள், எந்த ஊரவர் என்பது எழுதப்படவில்லை. கோப்பித் தோட்டங்களுக்கு மன்னார் வழியே காடு கடந்து நடந்துவந்த நம் மக்களிலும் எத்தனையோ பேர் முகமோ பெயரோ பதியப்படாமலேயே போனார்கள்.

பெயரோடு கூடிய ஒரு தெளிவான படத்தின் பெறுமதி போரைக் கடந்த நமக்குத் தெரியும். இடம்பெயர்வுகளில் அல்பங்கள் தொலைந்தன. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் கையில் ஏந்தியிருப்பது பல வேளைகளில் அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்த பிரதிதான்.

இன்று ஹட்டனிலோ கிளிநொச்சியிலோ குறைந்த காசில் கமரா வாங்க நினைக்கும் இளைஞர்களுக்கு ஜூலியாவின் வாழ்க்கையில் பாடம் இருக்கிறது. புது மொடலும் மெகாபிக்சலும் பிறகு பார்க்க வேண்டியவை. முகம் எடுக்க, பழைய கமராவுடன் 50 மில்லிமீற்றர் f1.8 லென்ஸ் ஒன்று போதும். வாங்குமுன் லென்ஸுக்குள் டோர்ச் அடித்துப் பூஞ்சணம் இருக்கிறதா என்று பாருங்கள். மலையக ஈரலிப்பில் அது எளிதில் பிடிக்கும். வாங்கியபின் காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லுடன் வையுங்கள். காசு அதற்கும் போதாவிட்டால், கையில் இருக்கும் போனோடு வாசல் வெளிச்சத்தில் அம்மம்மாவை உட்கார வையுங்கள். எடுத்த படத்தோடு அவரது பெயரையும், பிறந்த தோட்டத்தையும், திகதியையும் எழுதி, இரண்டு இடங்களில் சேமித்துவிடுங்கள்.