பரிசு பெறாத மாணவர்: மோரிஸ் ராவெல்

மேனாட்டுச் சங்கீத வித்துவான்களுள் நிலைத்த புகழ் எய்தியவர் மோரிஸ் ராவெல். ஆயினும், தாம் பயின்ற கலாசாலையில் அவர் பெற்ற மதிப்புச் சிறிதே. மாணாக்கர்க்கும் ஆசிரியர்க்கும் ஒருங்கே பயன்படத்தக்க அவ்வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

ராவெல் 1875-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 7-ஆம் நாள், பிரெஞ்சு தேசத்தின் தென்மேற்குக் கடலோரத்துள்ள சிபூர் என்னும் ஊரிற் பிறந்தார். சில திங்களில் அவர் குடும்பத்தார் பாரிஸ் நகரிற் குடியேறினர். 1889-ல் அந்நகரத்து அரசாங்கச் சங்கீத கலாசாலையிற் சேர்ந்து, 1891-ல் பியானோ ஆரம்ப வகுப்பில் முதற் பரிசு பெற்றார். பின்னர்ப் பரிசு யாதும் கிட்டாமையால் 1895-ல் வெளியேற நேர்ந்தது. 1897-ல் மீண்டு வந்து, கப்ரியேல் ஃபோரே என்னும் நல்லாசிரியரிடம் இசையியற்றும் கலை பயின்றார்.

குறித்த காலத்துட் பரிசு பெறாத மாணாக்கர் வகுப்பினின்று நீங்குதல் வேண்டும் என்பது அந்நாளில் அக்கலாசாலையின் விதியாயிருந்தது. ஒரு குரலின் இசையைப் பிற குரல்கள் தொடர்ந்து பின்னிவரும் ஃபியூக் என்னும் அமைப்பில் ராவெல் பரிசு பெறாராக, 1900-ல் அவர் பெயர் நீக்கப்பட்டது. எனினும் ஃபோரேயின் வகுப்பிற் கேட்போராய் அமர்ந்து கற்றார். நான்கு நரம்புக் கருவிகளுக்கென இயற்றிய உருப்படியின் முதற் பகுதியை 1903-ல் கலாசாலைப் போட்டிக்கு அளித்தார். அதற்கும் பரிசில்லை, அவர் கலாசாலையை விட்டு நீங்கினார். அவ்வுருப்படியோ இன்று உலகெங்கும் வாசிக்கப்பெறுகின்றது.

அக்காலத்து இளைஞர் பெரிதும் விழைந்தது ரோமாபுரிப் பரிசு. அதற்கு அவர் ஐந்து முறை முயன்றார். 1901-ல் மூன்றாமிடம் கிடைத்தது. 1900, 1902, 1903 ஆகிய ஆண்டுகளில் ஒன்றுமில்லை. வயது வரம்பின்படி 1905-ஆம் ஆண்டே இறுதி வாய்ப்பு. அவ்வாண்டு முதற் சுற்றிலேயே விலக்கப்பட்டார். அவர் விடைகளில் இலக்கண வழுக்கள் இருந்தமை மெய்யே. ஆனால் இறுதிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டோர் அனைவரும் நடுவருள் ஒருவரான லெனெப்வோ என்பாரின் மாணாக்கர் என்று தெரிந்தபோது பாரிஸ் நகரமே கொதித்தது. பத்திரிகைகள் கண்டித்து எழுதின. ராவெலின் நண்பரல்லாத ரோமெய்ன் ரோலந்தும், நீதி கருதி, அரசாங்கக் கலைத்துறை அதிகாரிக்குக் கடிதம் வரைந்தார்.

அக்கிளர்ச்சியிடையே தலைவர் டுபுவா பதவி விட்டு விலக, ஃபோரே அவ்விடத்தில் அமர்ந்தார். சேர்க்கைக்கும் தேர்வுக்கும் போட்டிக்கும் வெளியாரை நடுவராக்கினார்; தம் மாணாக்கர்க்குத் தாமே பரிசளிக்கும் வழக்கம் தளர்ந்தது. ராவெல் இழந்த பரிசு அவருக்குக் கிட்டவில்லை. பின்வந்த மாணாக்கர்க்கோ நடுநிலைமை கிட்டிற்று.

1920-ல் பிரெஞ்சு அரசாங்கம் அளிக்க முன்வந்த லெஜியன் விருதை ராவெல் ஏற்க மறுத்தார். 1928-ல் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலை அவருக்கு டாக்டர் பட்டம் சூட்டியது. அவருடைய பொலேரோ அரங்கேறியதும் அவ்வாண்டே. 1937-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள் பாரிஸில் உயிர் நீத்தார்.

தேர்வு விதிகள் வேண்டாவென்று நாம் கூறவில்லை. அளவுகோலின்றிக் கலாசாலை நடவாது. எனினும், அளவுகோலுக்கு அடங்காத ஆற்றல் ஒரு மாணாக்கனிடம் தோன்றுமாயின், அதனைக் கண்டு போற்றுதலும் ஆசிரியர் கடனேயாம். 1905-ல் பரிசு பெற்றோர் பெயரை இன்று அறிவார் சிலரே. பரிசுப் பட்டியலிற் பெயர் காணாத நம் இளைஞர், ஃபோரேயின் வகுப்பில் ஒரு மூலையில் அமர்ந்து கேட்ட அவ்விளைஞரை நினைந்து, ஊக்கம் குன்றாது பயில்வாராக.