முதல் தங்கத்தின் தலைவர்

ஒலிம்பிக் ஹாக்கியில் இந்தியா வென்ற முதல் தங்கப் பதக்கம் என்றதும் நம் நினைவுக்கு வரும் பெயர் தயான்சந்த். 1928-இல் ஆம்ஸ்டர்டாமில் ஆடிய ஐந்து ஆட்டங்களில் இந்தியா 29 கோல்கள் அடித்தது. எதிரணிகளால் ஒரு கோல்கூட அடிக்க முடியவில்லை. அந்த 29 கோல்களில் 14 தயான்சந்த் அடித்தவை. ஆனால், அந்த அணியின் தலைவர் யார் என்று கேட்டால் பலருக்கு விடை தெரிவதில்லை. அவர் ஜெய்பால் சிங் முண்டா.

ராஞ்சிக்குத் தெற்கே, குந்தி பகுதியைச் சேர்ந்த டக்ரா என்னும் சிற்றூரில், முண்டா பழங்குடிக் குடும்பத்தில் 1903 ஜனவரி 3-ஆம் தேதி பிறந்தார். ராஞ்சியில் மிஷனரி பள்ளியில் படித்த அவரது திறமையைக் கண்டவர்கள் இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றனர். ஆக்ஸ்போர்டு செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் அவர் பயின்றது பொருளாதாரம். தற்காப்பு ஆட்டக்காரராகப் பல்கலைக்கழக ஹாக்கி அணியிலும் இடம்பெற்று, அதன் உயரிய விளையாட்டுச் சிறப்பான ஆக்ஸ்போர்டு புளூவையும் பெற்றார்.

ஐ.சி.எஸ். பணிக்குத் தேர்வாகி லண்டனில் பயிற்சியில் இருந்தபோது இந்திய அணித் தலைமை அவரைத் தேடி வந்தது. விடுப்பு மறுக்கப்பட்டது, ஆயினும் அவர் ஆம்ஸ்டர்டாம் சென்றார். திரும்பி வந்ததும், கூடுதலாக ஓராண்டு பயிற்சி பெற வேண்டும் என்று நிபந்தனை விதிக்கப்பட்டது. அவர் பணியையே உதறினார். ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் கைவிடுவதன் மதிப்பை வாய்ப்புச் செலவு என்று பல்லாண்டுகள் வகுப்பறையில் நான் விளக்கியிருக்கிறேன். அன்றைய இந்தியர் ஒருவர் எட்டக்கூடிய மிக உயர்ந்த அரசுப் பணியை விலையாகக் கொடுத்த இவரைவிடத் தெளிவான சான்று அதற்குக் கிடைக்காது. இத்தனைக்கும், அணி நிர்வாகத்துடன் ஏற்பட்ட பிணக்கால் நெதர்லாந்துக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் அவர் ஆடவில்லை.

பிறகு பர்மா ஷெல் நிறுவனத்தில் பணியாற்றினார். இன்றைய கானாவில் அச்சிமோட்டா கல்லூரியிலும், ராய்ப்பூர் ராஜ்குமார் கல்லூரியிலும் கல்விப் பணி புரிந்தார். வசதியான வாழ்க்கை அது. 1939-இல் ஆதிவாசி மகாசபையின் தலைமையை ஏற்றதும் அவரது பாதை மாறியது.

1946 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அவர் ஆற்றிய உரை இன்றும் படிக்கத்தக்கது. பழங்குடியினருக்கு எவரும் மக்களாட்சியைக் கற்பிக்க வேண்டியதில்லை, அதை அவர்களிடமிருந்துதான் மற்றவர்கள் கற்க வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். சலுகை கேட்டு நின்ற குரல் அல்ல அது. மண்ணின் மூத்த குடிகள் என்ற உரிமையோடு ஒலித்த குரல். ஆதிவாசி என்ற சொல்லுக்காகவும் அவர் அவையில் வாதாடினார்.

அவர் தொடங்கிய ஜார்க்கண்ட் கட்சி 1952 தேர்தலில் பிகார் சட்டப்பேரவையில் 32 இடங்களை வென்றது. தனி மாநிலக் கோரிக்கையை மாநிலச் சீரமைப்பு ஆணையம் ஏற்கவில்லை. 1963-இல் கட்சியைக் காங்கிரஸில் இணைத்தது அவர் மக்களிடம் பெற்றிருந்த நம்பிக்கையைக் குலைத்தது. 1970 மார்ச் 20-இல் தில்லியில் மறைந்தார். அவர் கனவு கண்ட மாநிலம் 2000 நவம்பர் 15-இல்தான் பிறந்தது.

திருவள்ளூர் மாவட்டத்தில் வசிக்கும் எனக்கு இவ்வரலாறு தொலைவில் நிகழ்ந்ததாகத் தோன்றவில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட் உருக்காலைகளின் வாயிலில் வேலை முடிந்து வெளிவரும் இளைஞர்களில் ஜார்க்கண்ட், ஒடிஸா மாநிலத்தவர் பலர். அவர்களை வடக்கத்தியர் என்ற ஒரே சொல்லில் நாம் அடக்கிவிடுகிறோம். இம்மாவட்டத்தின் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் கொத்தடிமைகளாகச் சிக்கி மீட்கப்பட்ட இருளர்களையோ எண்ணிக்கையாக மட்டுமே அறிகிறோம். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இல் நிறைவேறியும் மீட்புகள் தேவைப்படுவது ஏன் என்பதே நாம் கேட்க வேண்டிய வினா.

கனிமமும் காடும் நிறைந்த நிலத்தின் மக்கள் கூலிக்காக ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணிப்பதைச் சந்தையின் இயல்பு என்று மட்டும் பொருளாதாரம் சொல்லிவிடலாகாது. நிலத்தின் மீதான உரிமை பறிபோனால் உழைப்பின் விலையைப் பேசும் வலிமையும் போய்விடும் என்பதை ஜெய்பால் சிங் அறிந்திருந்தார். உரிய கூலி, பாதுகாப்பான பணியிடம், பிள்ளைகளுக்குப் பள்ளி ஆகியவற்றை உறுதிசெய்வதே அவருக்கு நாம் செலுத்தும் உண்மையான மரியாதையாகும்.