மணிக்கூண்டு தந்த வணிகர்

நம் பல்கலைக்கழக நூலகத்திற்குப் போகும்போதெல்லாம் வாயிலில் நின்று ஒரு கணம் அண்ணாந்து பார்ப்பது என் வழக்கம். 280 அடி உயர்ந்து நிற்கிறது ராஜாபாய் மணிக்கூண்டு. ராஜாபாய் யார்? அரசி அல்லர், ஒரு வணிகரின் தாய். அந்த வணிகர் பிரேம்சந்த் ராய்சந்த். அவரைப் போற்றுவதா, பழிப்பதா என்று என் உள்ளத்தில் நெடுநாள் ஒரு வழக்கு நடந்தது.

1831-இல் சூரத்தில் ஓசவால் சமணக் குடும்பத்தில் பிறந்தார் அவர். தந்தையோடு பம்பாய்க்கு வந்தார், ஆங்கிலம் கற்றார், பங்குத் தரகரானார். அந்நாளில் தரகர்கள் ஆலமரத்தடியில் கூடி வாணிகம் செய்தனர். அங்கே அவர் சொல்லே விலை ஆயிற்று.

1861-இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. லங்காஷயர் ஆலைகளுக்கு அமெரிக்கப் பருத்தி வரவில்லை. நம் நாட்டுப் பருத்திக்குப் பொன் விலை கிடைத்தது. பம்பாயில் பணம் வெள்ளமெனப் புகுந்தது. நாளுக்கொரு வங்கி, கடலைத் தூர்க்க ஒரு கம்பெனி! அத்தனைக்கும் நடுநாயகம் பிரேம்சந்த். 1865-இல் போர் முடிந்தது. பருத்தி விலை வீழ்ந்தது. பங்குகள் வெறுங் காகிதமாயின. பற்பல குடும்பங்கள் நொடித்தன. அவர் செல்வாக்கை நம்பிப் போதிய ஈடின்றிக் கடன் தந்த பம்பாய் வங்கியும் 1868-இல் கலைந்தது. அவரும் தம் பெருஞ்செல்வத்தை இழந்தார்.

மிகு பொருள் பற்றாதே என்பது சமணர் நோன்பு. அந்நெறியில் வந்தவரா இப்படிச் சூதாடினார்? இதுவே என் குற்றச்சாட்டு.

ஆனால், அதே சமணம் அன்னம், அபயம், மருந்து, கல்வி என நால்வகைத் தானங்களையும் சொல்கிறது. வீழ்ச்சிக்கு முன்பே, 1864-இல், நூலகத்திற்கு 2 லட்சம், மணிக்கூண்டிற்கு 2 லட்சம் ரூபாய் அளித்தார் அவர். கல்கத்தாப் பல்கலைக்கழகத்திலும் அவர் பெயரால் ஆராய்ச்சி உதவித்தொகை அமைந்தது. தம் சமயத்தார்க்கு மட்டும் என்று அவர் வேலி போடவில்லை. பார்வை இழந்த தாய், கதிர் மறையுமுன் உண்ணும் நோன்பு தவறாதிருக்க மணியோசை உதவியது என்று ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியாயினும், 1878-இல் நிறைவுற்ற கோபுரத்திற்குத் தாயின் பெயரே நிலைத்தது.

வீழ்ந்தவர் முடங்கிவிடவில்லை. 1875-இல் தரகர் சங்கம் அமைத்தவர்களுள் அவரும் ஒருவர். அதுவே பின்னாளில் பம்பாய்ப் பங்குச் சந்தை. 1906-இல் மறைந்தார்.

2011 கணக்கின்படி இந்தியாவில் சமணர் ஏறத்தாழ 44.5 லட்சம், நூற்றில் அரைப் பங்கும் இல்லை. 2014-இல் நாடு முழுதும் சிறுபான்மையினராக ஏற்கப்பட்டனர். அவர்களைப் பணக்காரர் என்ற ஒரே சொல்லில் நாம் அடக்கிவிடுகிறோம். நம் வந்தவாசிப் பக்கம் உழுது வாழும் தமிழ்ச் சமணரை மறந்துவிடுகிறோம். வணிகச் சமணர் ஊருக்குக் கட்டிய கல்விக் கூடங்களையும் மறந்துவிடுகிறோம்.

என் வழக்கிற்குத் தீர்ப்பு இதுதான்: கொடை குற்றத்தைக் கழுவாது, குற்றம் கொடையை அழிக்காது. இரண்டையும் நினைவிற் கொண்டே அந்த நிழலில் அமர்ந்து படிக்கிறேன். மணி அடிக்கும்போது ஒரு கேள்வி எழுகிறது: ஊர் தந்த கல்வியைப் பெற்ற நாம், ஊருக்கு எதைத் திருப்பித் தரப்போகிறோம்?