டி.என்.ஏ. நகலில் பிழை வருவது எப்படி? விடையைச் சோதிக்க உதவும் சென்னை வரைபடம்: யார் இந்த ஜி.என்.ராமச்சந்திரன்?

காடாம்புலியூர், பண்ருட்டி பக்கம் இருப்பவர்களுக்கு இது புதுசு இல்லை. முந்திரிப் பருப்பைத் திறந்தபடி நாள்கணக்கில் வைத்தால் சிக்கு வாடை அடிக்கும். பருப்பில் உள்ள எண்ணெயை ஆக்சிஜன் கெடுப்பதுதான் காரணம். கிட்டத்தட்ட இதே மாதிரி சேதம் நம் செல்களுக்குள் இருக்கும் டி.என்.ஏ.வுக்கும் தினமும் நடக்குது.

செல் பிரியும்போது டி.என்.ஏ.வை நகலெடுப்பது பாலிமரேஸ் என்ற நொதி. சேதமான எழுத்தைப் பார்த்தால் அது என்ன செய்யும்? நொதியைப் படிகமாக்கி, எக்ஸ்-ரே செலுத்தி, அணுக்களின் இடத்தைக் கண்டுபிடித்து இதற்கு விடை சொல்கிறார்கள். அப்படிக் கண்ட அமைப்பு சரிதானா என்று சோதிக்க உலகமே பயன்படுத்தும் வரைபடம் பிறந்தது சென்னையில். அதற்குப் பின்னால் இருந்தவர் ஜி.என்.ராமச்சந்திரன்.

யார் இவர்?

பிறந்தது 1922 அக்டோபர் 8, எர்ணாகுளத்தில். அப்பா கணிதப் பேராசிரியர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்தார். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மின் பொறியியல் மாணவராகச் சேர்ந்தவரை, சர் சி.வி.ராமன் இயற்பியல் பக்கம் இழுத்துக்கொண்டார். கேம்பிரிட்ஜில் ஆய்வு முடித்துத் திரும்பியவர், 1952-ல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவரானார். அப்போ அவருக்கு வயது 30 கூட ஆகவில்லை.

கங்காரு வால் சொன்ன ரகசியம்

தோலுக்கும் எலும்புக்கும் வலு தருவது கொலாஜன் என்ற புரதம். அதன் அமைப்பு அப்போது யாருக்கும் பிடிபடவில்லை. அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் வழியாகக் கிடைத்த கங்காரு வால் தசைநாரை வைத்து, கோபிநாத் கர்த்தாவும் ராமச்சந்திரனும் ஆராய்ந்தார்கள். மூன்று இழைகள் சேர்ந்த அமைப்பு அது என்று 1954-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அடுத்த ஆண்டு அதைத் திருத்தி, மூன்று இழைகளும் கயிறு போல முறுக்கிக் கிடப்பதாகக் காட்டினார்கள்.

ஆனா சிக்கல் வந்தது. டி.என்.ஏ. புகழ் பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் இதை ஏற்கவில்லை. இந்த மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்பது அவர்கள் வாதம்.

விமர்சனத்தில் பிறந்த வரைபடம்

ராமச்சந்திரன் அந்தக் கேள்வியையே ஆராய்ச்சியாக்கினார். இரண்டு அணுக்கள் எவ்வளவு தூரம்தான் நெருங்கலாம்? அதுவரை வெளியான படிக அமைப்புகளைத் தேடி, தூரங்களை எடுத்தார். சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து கணக்குப் போட்டார்.

நம் முழங்கை எல்லாப் பக்கமும் மடங்காது இல்லையா? புரதச் சங்கிலியும் அப்படித்தான். ஒவ்வொரு கண்ணியிலும் சுழலும் கோணங்கள் இரண்டு. பெரும்பாலான கோணங்களில் அணுக்கள் முட்டிக்கொள்ளும். எது முடியும், எது முடியாது என்பதை ஒரே சதுரத்தில் காட்டியது 1963-ல் வெளியான 'ராமச்சந்திரன் வரைபடம்'.

டி.என்.ஏ.வுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பாலிமரேஸும் ஒரு புரதம்தான். டி.என்.ஏ.வில் குவானின் என்ற எழுத்து ஆக்சிஜனால் சேதமானால் 8-ஆக்ஸோகுவானின் ஆகிறது. அதற்குச் சரியான ஜோடி சைட்டோசின். ஆனா அது புரண்டு படுத்து, அடினினோடும் கைகோக்கும். தவறான ஜோடி என்றால் வழக்கமாக வடிவம் கோணலாகி, நொதி கண்டுபிடித்துவிடும். இந்த ஜோடியோ அசல் போலவே கச்சிதமாக உட்காருகிறது. அதனால்தான் நொதி ஏமாறுகிறது என்று 2004 வாக்கில் வந்த படிக ஆய்வுகள் காட்டின. பழுதுபார்க்கும் நொதிகளும் தவறவிட்டால், பிழை நிரந்தரமாகி, புற்றுநோய்க்குக் கூட வழிவகுக்கலாம்.

இப்படிப்பட்ட அமைப்புகளை வெளியிடும்முன், நொதியின் கோணங்களை ராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துப் பார்ப்பது வழக்கம். தடைசெய்யப்பட்ட பகுதியில் நிறைய புள்ளிகள் விழுந்தால், மறுபடியும் சரிபார்க்க வேண்டியதுதான்.

கடைசி நாட்கள்

1977-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். படிகவியலின் பெரிய விருதான எவால்ட் பரிசு 1999-ல் வந்தது. நோபல் வரவில்லை. பார்க்கின்சன் நோயோடு போராடியவர், 1998-ல் மனைவி ராஜலட்சுமியையும் இழந்தார். 2001 ஏப்ரல் 7-ல் சென்னையில் காலமானார்.

அணுக்கள் நெருங்கி நிற்கின்றன என்று அன்று அவரைக் கேள்வி கேட்டார்கள். இன்று உலகில் யார் புரத அமைப்பை வெளியிட்டாலும், அதே கேள்விக்கு அவருடைய வரைபடத்தில்தான் பதில் சொல்கிறார்கள்.