பெருந்தகை எம்.சி. ராஜா

தாழ்த்தப்பட்ட மக்களின் அரசியல் உரிமை வரலாற்றைப் பேசுங்கால், அண்ணல் அம்பேத்கர் பெயரும் தாத்தா இரட்டைமலை சீனிவாசன் பெயரும் நம் இளைஞர் நாவில் முன்னிற்கும். அவ்விருவரோடு உடன் நின்றும், ஒரு கட்டத்தில் எதிர் நின்றும் வாதிட்ட மயிலை சின்னத்தம்பி ராஜாவைப் பலர் அறியார். எதிர் நின்றார் என்பதற்காக ஒரு பெருமகனாரை மறப்பது முறையன்று.

அன்னார் 1883ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள் சென்னைப் பரங்கிமலையில் பிறந்தார். இராயப்பேட்டை வெஸ்லி மிஷன் பள்ளியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்று ஆசிரியரானார். பள்ளிப் பாட நூல்களும் இயற்றினார். 1916இல் ஆதி திராவிட மகாஜன சபையின் செயலாளராகிப் பொதுவாழ்வில் புகுந்தார். பின்னர்ச் சென்னைச் சட்டமன்ற உறுப்பினரானார். இழிவு தோன்ற வழங்கிய பழம்பெயர்களை நீக்கி, ஆதி திராவிடர், ஆதி ஆந்திரர் என அரசு வழங்கவேண்டுமென 1922இல் தீர்மானம் கொணர்ந்து வென்றார். நீதிக்கட்சியில் இருந்த அவர், 1921ஆம் ஆண்டுப் புளியந்தோப்புக் கலவரத்தையொட்டி எழுந்த கசப்பால் 1923இல் அதனை விட்டு நீங்கினார். 1927 முதல் தில்லி மத்திய சட்டசபையில் நம் மக்களுக்காகப் பேசினார்.

அப்போது எழுந்த பெரும் வினா, நம் பிரதிநிதியைத் தேர்ந்தெடுப்பவர் யார் என்பது. நம்மவர் மட்டுமே வாக்களிக்கும் தனி வாக்காளர் தொகுதி வேண்டும். பிறர் வாக்கால் வெல்பவர் பிறருக்கே கட்டுப்படுவார் என்றார் அம்பேத்கர். முன்னர்த் தனித்தொகுதியை ஆதரித்த ராஜா, 1932இல் டாக்டர் மூஞ்சேயுடன் ஓர் உடன்பாடு கண்டார். ஊர்தோறும் சிறுபான்மையாய்ச் சிதறி வாழும் நாம் தனித்து நின்றால், நம் வாக்கை நாடிப் பிறர் வரமாட்டார். ஆதலின் இடங்களை ஒதுக்கிக்கொண்டு பொதுவில் வாக்களிப்பதே நலம் என்பது அவர் கருத்து.

இரு வாதங்களின் வலிமையையும் நம் காவிரிப் படுகை நன்கறியும். மிராசுதாரர் மனையில் குடியிருந்து, அவர் களத்தில் நெல் அளந்து கூலி பெற்ற பண்ணையாள், அவர் விருப்பத்திற்கு மாறாக வாக்களிப்பது எளிதோ? அவரை முற்றும் பகைத்துக்கொண்டு தனியே வாழ்வதும் எளிதோ?

1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் பிரதமர் தனித்தொகுதி அளித்தார். காந்தியடிகள் உண்ணாநோன்பு தொடங்கினார். செப்டம்பர் 24ஆம் நாள் பூனா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அம்பேத்கர், சீனிவாசன், ராஜா மூவரும் ஒப்பமிட்டனர். மாகாணச் சட்டமன்றங்களில் 148 இடங்கள் ஒதுக்கப்பெற்றன. சென்னை மாகாணத்திற்கு 30. முதற்கட்டத்தில் நம்மவர் நால்வரைத் தேர்ந்தெடுக்க, இறுதியில் அனைவரும் வாக்களிப்பர் என்பது ஏற்பாடு.

ராஜாவின் கொள்கை வென்றது. ஆயினும் அதன் பயன் அவரையே சோதித்தது. 1938இல் சென்னைச் சட்டமன்றத்தில் அவர் ஆலய நுழைவு மசோதா கொணர்ந்தார். இராஜாஜி அமைச்சரவை மலபாருக்கு மட்டும் தனி மசோதா கொணர முடிவுசெய்து, இவருடையதை எதிர்த்தது. ஒதுக்கிய இடங்களில் வென்றிருந்த காங்கிரஸ் உறுப்பினர்கள் கட்சிக் கட்டுப்பாட்டை மீறி வரவில்லை, மசோதா தோற்றது. அம்பேத்கர் அஞ்சியது கண்ணெதிரே நிகழ்ந்தது. மறு ஆண்டே மதுரை மீனாட்சி கோயிலும் தஞ்சைப் பெரிய கோயிலும் நம்மவர்க்குத் திறந்தன என்பது வேறு.

தம் கருத்து நடைமுறையில் பிழைத்ததைக் கண்டபின் ராஜா பிடிவாதம் கொள்ளவில்லை. 1942இல் கிரிப்ஸ் தூதுக்குழு வந்தபோது, அம்பேத்கரும் அவரும் ஒன்றாகச் சென்று நம் மக்களுக்குத் தக்க பாதுகாப்பு வேண்டுமென வாதிட்டனர். 1943இல் ராஜா மறைந்தார்.

இளைஞர்களே! 1937 தேர்தலில் சொத்தும் வரியும் இல்லாதார்க்கும் எழுத்தறிவு வாக்குரிமை தந்தது. இன்று வாக்கு அனைவர்க்கும் உண்டு. ஆனால் ஒதுக்கிய இடங்கள் இன்றும் பொது வாக்காலேயே நிரம்புகின்றன. அங்கு வெல்பவர் யாருக்குக் கட்டுப்படுகிறார் என்று கேட்கும் கடமை நம்முடையது. அவ்வாறு கேட்கும் துணிவைக் கல்வியே தரும். அதற்காகவே நம் கல்விக் கழகம் 25 ஆண்டுகளாய் உழைத்து வருகிறது.